மச்சக்காளையின் தொப்பிக்கு ஒரு தலை

பழனி மலைக்குக் கீழே நெட்டூரணி என்று ஓர் ஊர். அறிவு அந்தப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. அந்த ஊர்க்காரர்களே நான்கு பேரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றால், அந்த நால்வரின் லட்சணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மச்சக்காளை, அவனுடைய கூட்டாளிகள் ஒச்சப்பன், வெள்ளையன், சடையாண்டி.

மச்சக்காளைக்கு வயது ஏறிக்கொண்டே போனது, கல்யாணம்தான் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் அவன் வாயைத் திறந்ததும் காரியம் கெட்டுவிடும். ஒருமுறை கொடைக்கானலில் கம்பளித் தொப்பி ஒன்று வாங்கி, மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்தான். தோசை மாதிரித் தட்டையாக, நெற்றிக்கு மேல் சின்ன விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி. போட்டோ பேசாது அல்லவா, ஒரு பெண்வீட்டாருக்குப் பிடித்துவிட்டது. "வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாங்க. மாப்பிள்ளைய அந்தத் தொப்பியோட பாக்கணும்னு பவுன்தாயி ஆசைப்படுது" என்று சொல்லி அனுப்பினார்கள்.

சந்தோஷத்தில் மச்சக்காளை தொப்பியோடு தெருத்தெருவாகச் சுற்றினான். மழை வந்தது. ஊரே ஓடி ஒதுங்கியது, அவன் ஒதுங்கவில்லை. தொப்பி ஊறிப்போய்க் காதுவரை தொங்கியது. இந்தச் சம்பந்தமும் போய்விட்டால் தன் வாழ்க்கையே போச்சு என்று நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதான்.

"அழாத மாப்ள. கடைக்காரர் என்ன சொன்னாரு? அதச் செய்வோம்" என்றான் ஒச்சப்பன்.

கடைக்காரர் பாவம், யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் அக்கறையாகச் சொல்லியிருந்தார். நனைந்தால் பிழியக் கூடாது. தலை அளவுள்ள எதன்மேலாவது கவிழ்த்து நிழலில் காயவிட வேண்டும். அதைத் தன் தலை மாதிரியே நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், யார் வீட்டுக்குள் போனாலும் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும், அதுதான் மரியாதை.

"இவன் தலை அளவுக்கு என்ன இருக்கு?" என்று சபை கூடியது. வெள்ளையன் தேங்காய் என்றான். சடையாண்டி தவலை என்றான். கடைசியில் மச்சக்காளையைப் பூசணித் தோட்டத்துக்கு இழுத்துப்போய், ஒவ்வொரு காயின் பக்கத்திலும் அவன் தலையைச் சாய்த்துவைத்துப் பார்த்தார்கள். ஒரு காய் அச்சாகப் பொருந்தியது. உள்ளே இருந்த சரக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

"இனிமே இதுதான்டா உன் தலை" என்றான் ஒச்சப்பன். கடைக்காரர் சொல் அல்லவா! சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும் நாள், பூசணிக்காய்க்குத் தேய்த்தார்கள். ஒரு தலைக்குத் தேய்த்தாயிற்று என்று மச்சக்காளை தன் தலையைச் சும்மா விட்டுவிட்டான். காயின்மேல் ஈ உட்கார்ந்தால் இவன் சொறிந்துகொண்டான்.

வேப்பமரத்து நிழலில் தொப்பியும் காயும் இருந்தன. நிழல் நகர்ந்துகொண்டே போனது. ஓடிப்போகாமல் இருக்கட்டும் என்று சடையாண்டி மரத்தை முளையடித்துக் கயிற்றால் கட்டினான். அப்படியும் நிழல் போய்விட்டது. "முடிச்சு சரியில்ல" என்று வெள்ளையன் அவனைத் திட்டினான்.

வெள்ளிக்கிழமைக்குள் தொப்பி எப்படியோ காய்ந்து, வாங்கிய நாள்போல விறைப்பாக நின்றது. நான்கு பேரும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, நடுவில் தொப்பி போட்ட பூசணிக்காயை வைத்துக்கொண்டு போனார்கள். வாசலில் மரியாதை நினைவுக்கு வந்தது. தொப்பியைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் பூசணிக்காயோடு உள்ளே நுழைந்தார்கள்.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்று பெண்ணின் தாயார் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள்.

பவுன்தாயி வந்து கும்பிட்டாள். மச்சக்காளை நிமிர்ந்து பார்த்தான். இவளைவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டான். அவன் வாழ்க்கையிலேயே உருப்படியான தீர்மானம் அது ஒன்றுதான்.

"தொப்பிய போட்டுக் காட்டச் சொல்லுங்கப்பா" என்றாள் அவள் மெதுவாக.

"அதுக்கென்ன! தலைய எடுத்துட்டு வாங்கம்மா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான் ஒச்சப்பன்.

"எந்தத் தலை?"

"தாம்பாளத்துல இருந்துச்சே, எங்க மாப்பிள்ளை தலை."

"ஐயையோ, அந்தப் பூசணிக்காயா? அத வெட்டிச் சாம்பார்ல போட்டுட்டேனே!"

மச்சக்காளை கழுத்துக்கு மேலே தடவிப் பார்த்தான். அங்கே ஏதோ இருப்பதுபோலத்தான் பட்டது, ஆனாலும் கூட்டாளிகள் முகத்தைப் பார்த்ததும் நம்பிக்கை போய்விட்டது.

"வலிக்குதாடா?" என்றான் வெள்ளையன்.

"அவன எதுக்குக் கேக்குற? வாய் தலையிலதான இருக்கு, எப்படிப் பேசுவான்?" என்று அதட்டினான் சடையாண்டி. நியாயம்தானே என்று மச்சக்காளை வாயை இறுக மூடிக்கொண்டான்.

அவன் பேசாமல் இருந்தது அவனுக்கு நல்லதாகப் போயிற்று. மாப்பிள்ளை அடக்கமானவர் என்று பெண்ணின் தகப்பனாருக்குப் பரம திருப்தி. இப்படி ஒரு மாமனார் நெட்டூரணிக்கு வெளியிலும் கிடைப்பார் என்று யார் கண்டது?

"எங்களுக்குப் பூரண சம்மதம். மாப்பிள்ளைக்குச் சம்மதம்னா வாயத் திறந்து சொல்ல வேணாம், தலைய ஆட்டினாப் போதும்" என்றார்.

மச்சக்காளையின் கண்ணில் நீர் முட்டியது. ஆட்டத்தான் ஆசை. ஆனால் தலை சாம்பாரில் அல்லவா கொதிக்கிறது? அசையாமல் உட்கார்ந்திருந்தான். பவுன்தாயியின் முகம் வாடியது. தகப்பனார் எழுந்துவிட்டார்.

"இருங்க, இருங்க!" என்று ஒச்சப்பன் சமையல்கட்டுக்குள் பாய்ந்தான். சாம்பார்ச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிவந்து கூடத்தின் நடுவில் நின்றான். வெள்ளையன் வாசலுக்கு ஓடி, தொப்பியை எடுத்துவந்து, சட்டியின்மேல் லேசாகச் சாய்த்து மாட்டினான். ஒச்சப்பன் சட்டியை மேலும் கீழுமாக மூன்று தடவை ஆட்டினான்.

"பாத்துக்குங்க, மாப்பிள்ளை தலைய ஆட்டிட்டாரு."

பவுன்தாயி ஓரக்கண்ணால் சாம்பார்ச் சட்டியைப் பார்த்தாள்; வெட்கத்தோடு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "போட்டோல இருக்கறத விட நேர்ல நல்லா இருக்காரு" என்றாள்.