கேட்டுக்கு வெளியே நின்றவள்

கொளஞ்சி எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. சொல்லிக்கொடுத்த சலோமி டீச்சருக்கு இருபத்தாறு. பார்க்கிறவர்களுக்கு யார் குரு, யார் சிஷ்யை என்று குழப்பம் வரும். அவர்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை.

அதற்கு முன்னால் கொளஞ்சி பதினோரு வருஷம் ஒரு ரைஸ் மில்லுக்குள் இருந்தாள். வேலைக்குப் போனாள் என்று சொன்னால் பொய். வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வீட்டுக்கு வருவார்கள். இவள் வரவில்லை. கேட்டுக்கு வெளிப்பக்கம் பூட்டு, சாவி முதலாளி வீட்டில். ஒருநாள் அதிகாரிகள் வந்து பூட்டை உடைத்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே முப்பது வீடு கட்டிக் கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை நூலகம். வாரத்தில் மூன்று நாள் சலோமி ஸ்கூட்டியில் வந்து திறந்து வகுப்பு எடுப்பாள்.

கொளஞ்சி அங்கே இருந்த அடிமைக் கதைகளை எல்லாம் படித்தாள். கப்பலில் ஏற்றிப் போய் விற்ற கறுப்பு ஜனங்களின் கதை. கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிப்போன நம்ம ஜனங்களின் கதை. படித்துவிட்டுத் திட்டுவாள்.

"எழுதுனவரு பக்கத்துக்குப் பக்கம் அழுவுறாரு டீச்சர். அடிபட்டவளுக்கு அழுவ நேரம் ஏது?"

இன்னொரு நாள் சொன்னாள். "அந்த நாட்டுல தோலைப் பாத்துத் தள்ளி வெச்சாங்க. எங்க மில்லு சூப்பர்வைசரும் என் கலருதான். ஆனா தண்ணிய ஒசரத்துல இருந்துதான் ஊத்துவான். கை பட்டுடுமாம்."

ஒரு சாயங்காலம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்கக்கா."

"எல்லாக் கதையும் வெலங்க ஒடைக்கிறதோட முடிஞ்சிடுது. சரி, ஒடச்சாச்சு. மறுநாள் காலையில அவ எந்திரிச்சு என்ன பண்ணா? அந்தக் கதை எந்தப் புக்குல இருக்கு?"

சலோமி பீரோவைத் திறந்தாள். ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள்.

"இதுல."

கொளஞ்சி புரட்டினாள். கோடு மட்டும்தான் இருந்தது.

"கிண்டலா டீச்சர்?"

சலோமி பீரோவைச் சாத்தினாள். ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கொளஞ்சி நாலு மாசம் எழுதினாள். இங்க் பேனா பிடிக்கும், அதனால் இங்க் பேனா. கூட மில்லில் கிடந்த பவுனு தினமும் வம்பிழுப்பாள்.

"எழுத்தாளரம்மா, என்னையும் கதையில போடுவியா?"

"போட்டிருக்கேன். வாயாடின்னு."

"அழகின்னும் சேத்துக்கடி."

"பொய் எழுத மாட்டேன்."

கதையில் ஒரு பெண் இருந்தாள். பேர் வைக்கவில்லை. நெல்லை அவித்துக் களத்தில் கொட்டி, காலால் கிளறிக் காயவைக்கிற பெண். வானம் கறுத்தால் சூப்பர்வைசர் மணியாகத் தொங்குகிற தண்டவாளத் துண்டில் டங் டங்கென்று அடிப்பான். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தாலும் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு ஓடணும். நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடணும். ஆள் நனையலாம், நெல் நனையக் கூடாது. அவித்த நெல் நனைந்தால் நாறிப்போகும். அன்றைக்கு யாராவது ஒருத்திக்கு அடி விழும்.

இதெல்லாம் சரசரவென்று வந்தது. கேட் திறந்த இடத்தில் பேனா நின்றது. அந்தப் பெண் வெளியே வந்தாள், நின்றாள். ஒரு மாசமாக அங்கேயே நின்றாள்.

"நகர மாட்டேங்குறா டீச்சர்."

"அவங்களுக்கு என்ன ஆசைன்னு கேட்டீங்களா?"

"அவகிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல."

"நீங்க கேளுங்க."

அடுத்த வாரம் கொளஞ்சி வந்து தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"கேட்டேன். மழை பெய்யும்போது சும்மா நிக்கணுமாம்."

"அவ்வளவுதானா?"

கொளஞ்சிக்குச் சுருக்கென்றது. "அவ்வளவுதானான்னு கேக்குறீங்க. பதினோரு வருசம் டீச்சர்."

சலோமி தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதான்கா. எழுதுங்க."

எழுத முடியவில்லை. பார்க்காததை எப்படி எழுதுவது? வெளியே வந்த பிறகும் மேகத்தைப் பார்த்தால் அவள் கண் தார்ப்பாயைத் தேடும்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அடிபம்பு மேடையில் உட்கார்ந்து நோட்டையே வெறித்துக்கொண்டிருந்தாள். முதல் சொட்டு விழுந்தது. அவ்வளவுதான். காலில் நெருப்புப் பட்ட மாதிரி எழுந்து ஓடினாள். பவுனு காயவைத்த வற்றலை அள்ளி உள்ளே போட்டாள். சலோமியின் ஸ்கூட்டிக்குப் பழைய பிளக்ஸ் பேனரைப் போர்த்தினாள். நூலகத்து ஜன்னலைச் சாத்தினாள். யாரோ அடுக்கி வைத்திருந்த விறகைக்கூட மூடினாள். மூச்சு வாங்க நின்றபோது பவுனு கேட்டாள்.

"உன் நோட்டு எங்கடி?"

பம்பு மேடையிலிருந்து நீலத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

கொளஞ்சி அழவில்லை. ஊறிப்போன நோட்டைக் கொண்டுவந்து சலோமியின் மேஜையில் வைத்தாள்.

"ஊர்ல உள்ளதெல்லாம் மூடிட்டேன். என்னோடத மட்டும் விட்டுட்டேன்."

சலோமி ஒரு பக்கத்தைப் பிரித்தாள். கையோடு வந்தது.

"மறுபடி எழுதலாம்கா."

"யாரு எழுதுறது? பூட்ட ஒடச்சாங்க, சரி. அந்தத் தண்டவாளத்த யாரும் அவுக்கலயே. எனக்குள்ள தொங்குது டீச்சர். சொட்டு விழுந்தா அடிக்குது. இப்படிப்பட்டவ விடுதலையப் பத்தி என்னத்த எழுதுறது? வேற ஆளப் பாருங்க."

மூன்று வகுப்புக்கு அவள் வரவில்லை.

நாலாவது வகுப்பு நாளில் பவுனு வந்து கதவைத் தட்டினாள். "ஏய், உங்க டீச்சருக்குப் புத்தி பிசகிடுச்சா? வந்து பாரு."

நூலகத்துக்கு முன்னால் சலோமி ஒரு மூட்டை நெல்லைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் கிளறினாள். கோழி சீய்த்த மாதிரி இருந்தது. கொளஞ்சிக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"இப்படி மிதிச்சா ஒரு மாசம் ஆனாலும் காயாது. தள்ளுங்க."

குதிகாலை ஊன்றி, ஏர் உழுத மாதிரி நேராகச் சால் இழுத்தாள். பதினோரு வருஷத்துக் கால், மறக்கவில்லை. காலுக்குக் கீழே நெல் என்னமோ வேறு மாதிரி இருந்தது. அதை யோசிப்பதற்குள் மேற்கே பார்த்துவிட்டாள். வானம் கருகருவென்று வந்துகொண்டிருந்தது.

"டீச்சர், மழை வரப்போவுது."

"ஆமாக்கா."

"வெயிலே இல்லாத நாள்ல எவளாவது நெல்லு காய வெப்பாளா?"

சலோமி படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு புது நோட்டு இருந்தது. அதை எடுத்துக் கொட்டகைக்குள்ளே பத்திரமாகத் தள்ளி வைத்தாள்.

சொட்டு விழுந்தது.

கொளஞ்சியின் கால் தானாக ஓடியது. பேனரை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அந்தப் பக்கம் புடிங்க டீச்சர்!"

சலோமி அசையவில்லை.

"பவுனு, நீயாவது வாடி!"

பவுனு ஒரு அடி எடுத்து வைத்தாள். சலோமி அவள் புடவை முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"மணி அடிக்குது டீச்சர்!"

"யாரு அடிக்கிறாங்க?"

கொளஞ்சி காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். தகரத்தின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை. ஆனாலும் பேனர் முனையை அவள் விடவில்லை. கண்ணெதிரே அத்தனை நெல்லும் நனைந்துகொண்டிருந்தது.

"நாறிப்போவும் டீச்சர்! அத்தனையும் நாறிப்போவும்!"

"நாறாது. இது அவிக்காத நெல்லுக்கா."

கொளஞ்சி குனிந்து ஒரு பிடி அள்ளினாள். மூக்கருகே கொண்டுபோனாள். அந்தப் பழைய வாடை இல்லை.

இன்னொரு கையிலிருந்த பேனரை விட்டாள். அதைக் காற்று இழுத்துக்கொண்டு போனது. யாரும் துரத்தவில்லை.

மழை விடும்வரை அவள் அங்கேயே நின்றாள்.