மறுநாள் வந்த மயிலைக் காளை

அந்தக் காலத்தில் மாடுகள் பேசும். பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தாது. காவிரி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பவளாயி என்ற உழவுக்காரி வீட்டில் ஒரு ஜோடிக் காளைகள் இருந்தன. வெள்ளையும் சாம்பலுமாக இருந்தவன் மயிலை. சிவப்பாக இருந்தவன் செவலை. அப்போதெல்லாம் பொங்கல் ஒரே நாள்தான். பானை பொங்கியதும் வீட்டு மனிதர்களும் மாடுகளும் ஒன்றாகச் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள்.

ஒரு வருஷம் நடவு முடிந்ததும் மயிலைக்கு ஊர் சுற்றும் ஆசை வந்தது. கடலுக்கு அப்பால் மிகப் பழைய நாடு ஒன்று இருக்கிறது, அங்கே காளைகளைச் சாமியாகக் கும்பிடுகிறார்கள் என்று கப்பல்காரர்கள் சொல்லி வைத்திருந்தார்கள்.

"ஒரு நடை பார்த்துட்டு வந்துடறேன் ஆத்தா. பொங்கலுக்கு இங்க இருப்பேன்" என்றான்.

"அறுப்பு வருதேடா, வண்டி இழுக்க யார் இருக்கா?" என்றாள் பவளாயி.

"நான் பார்த்துக்கறேன், போகட்டும்" என்றான் செவலை. "பொங்கலுக்கு வந்துடு மாப்ளே. நீ இல்லாம எனக்குச் சோறு இறங்காது."

அந்த நாட்டில் வெயில்கூட வயதாகி, சோம்பலாகப் படுத்திருந்தது. மயிலையைத் தாமரை மிதக்கும் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். பேரீச்சம்பழத்தைத் தேனில் தோய்த்து ஊட்டினார்கள். ஒரு கொம்புக்கு நீலமும் மறு கொம்புக்கு மஞ்சளும் பூசி, பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார்கள். விழித்திருக்கிறோமா, கனவு காண்கிறோமா என்று தெரியாமலே ஐயா கிடந்தார்.

ஒரு சாயங்காலம் தொட்டியில் புதுக் கதிர் வைத்தார்கள். குனிந்த மயிலை தன்னை அறியாமல் ஒதுங்கி, வலப்பக்கம் இடம் விட்டான். ஜோடி மாடு அப்படித்தான் தின்னும். அந்தப் பாதியில் யாரும் வாய் வைக்கவில்லை. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து துறைக்கு ஓடினான்.

கப்பல் வந்தது, ஆனால் காற்று வரவில்லை. அவன் கரை சேர்ந்தபோது பொங்கல் முடிந்து மறுநாள் விடிந்திருந்தது.

தொழுவத்தில் செவலை விலா எலும்பு தெரிய நின்றான். தனியாக வண்டி இழுத்த கழுத்து புண்ணாகியிருந்தது. நேற்று வைத்த பொங்கல் அவன் முன்னால் காய்ந்து கிடந்தது.

"சாப்பிடலையா மாப்ளே?"

செவலை அந்த வர்ணக் கொம்புகளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நீங்க சாமி ஆயிட்டீங்க. இனிமே எங்களோட நுகத்துக்கு வருவீங்களா?"

அந்த மரியாதை மயிலையைச் சுட்டது. நெருங்கிப் போய், கடல் ஈரத்தில் வர்ணம் இளகியிருந்த தன் கொம்புகளைச் செவலையின் கொம்புகளோடு தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். நீலமும் மஞ்சளும் இருவர் கொம்பிலும் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டன.

"ரெண்டு பேரையும் பார்க்கச் சகிக்கலை" என்று சிரித்தபடியே பவளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காவியும் மஞ்சளும் குழைத்து வந்து, விட்டுப்போன இடத்திலெல்லாம் பூசினாள். இந்த இரண்டு பேருக்கென்றே புதுப் பானை வைத்தாள். பொங்கியதும் செவலை குனிந்து, இடப்பக்கம் இடம் விட்டுத் தின்ன ஆரம்பித்தான்.

அந்த மறுநாளிலிருந்துதான் மாடுகளுக்குப் பொங்கல் ஒரு நாள் தள்ளி வருகிறது. எந்த நாட்டையும் பார்க்காத மாட்டின் கொம்பிலும் வர்ணம் ஏறுகிறது.