ஆணியில்லாத நாற்காலி

ஒரு ஊர்ல ஒரு செட்டியார் இருந்தாராம். வைரவன் செட்டியார்னு பேரு. குடத்துக்குக் கை கால் முளைச்ச மாதிரி இருப்பாரு. அவருக்கு ஒரே பொண்ணு, தேனம்மை.

ஒரு நாள் சீனத்துலேருந்து கப்பல்ல அவருக்கு ஒரு நாற்காலி வந்துச்சு. முழுசா இல்ல, கால் தனி, கை தனி, வைக்கோல் சுத்தின கட்டு. இரும்பு மாதிரி மரம். ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒண்ணுல துளை, இன்னொண்ணுல நாக்கு. அப்பாவும் பொண்ணும் உக்காந்து ஒண்ணொண்ணா கோத்தாங்க. கடைசில, வளைஞ்ச கைப்பிடி ஒண்ணுசேர்ற எடத்துல ஒரு சின்ன மரமுளை. தேனம்மை கொட்டாப்புளியை, அதான் மரச் சுத்தியலை, எடுத்துக் குடுத்தா, அவரு 'டொக்'னு அடிச்சாரு. நாற்காலி கிண்ணுன்னு நின்னுடுச்சு. "முளையைத் தட்டினா பிரிஞ்சிரும், வேணும்னா திரும்பக் கோக்கலாம் ஆத்தா"ன்னாரு. கேக்குறியா?

ம்.

அப்புறம் தேனம்மைக்குக் கல்யாணம் வந்துச்சு. மாப்பிள்ளை வீடு எங்கே? பக்கத்துத் தெரு! ஆனா செட்டியாருக்கு அதுவே ஏழு கடல் தாண்டி. துக்கம் தாங்காம அதிரசமா தின்னாரு. தின்னுட்டு அந்த நாற்காலில உக்காந்தாரு. மாட்டிக்கிட்டாரு!

அவரு சம்சாரம் சிகப்பி ஆச்சி ஓடி வந்தாங்க. "என்னங்க, மாப்பிள்ளை வாசல்ல நிக்கிறாரு! நீங்க வந்து கையைப் பிடிச்சுக் குடுக்க வேண்டாமா?"

முளையைத் தட்டினா வெளிய வந்துரலாம்னு அவருக்குத் தெரியும். ஆனா, 'எந்திரிச்சா பொண்ணு போயிருவாளே!' மெல்ல உள்ளங்கையால முளையை மூடிக்கிட்டாரு.

அப்போ ஆச்சி எண்ணெயை ஊத்துனாங்க, களக் களக். செட்டியார் பளபளன்னு ஆனாரு, அசையல.

அப்புறம் மச்சினங்க நாலு பேரு "ஏலேலோ"ன்னு இழுத்தாங்க. நாற்காலியும் கூடவே வந்துச்சு, ஆமை ஓட்டோட வர்ற மாதிரி.

அப்புறம் ஆசாரி ரம்பம் போட்டாரு, கறக் கறக். மரத்துல கீறல் இல்ல. ரம்பத்துக்குத்தான் பல்லு போச்சு!

"அப்போ கல்யாணம் நாளைக்கு வச்சுக்கலாமே," அப்படின்னாரு செட்டியார், அப்பாவியா.

ம்.

அப்போ மாலையோட தேனம்மை வந்தா. குனிஞ்சு காதுல சொன்னா: "அப்பச்சி, கையை எடுங்க. கொட்டாப்புளி எடுத்துக் குடுத்தவ நான்தான்."

செட்டியாருக்குக் கண்ணு கலங்கிருச்சு. "எடுத்தா பிரிஞ்சிருமே ஆத்தா."

"ஆணி அடிச்சதைப் பிரிச்சாத்தான் காயம். இது கோத்தது. திரும்பக் கோக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவரு கையை எடுத்தாரு. அவ தட்டினா, டொக். கைப்பிடி விரிஞ்சுது. செட்டியார் 'தொப்'!

மேளம் கொட்டுச்சு. கல்யாணம் நடந்துச்சு. போகும்போது தேனம்மை அந்த முளையை முந்தானைல முடிஞ்சுக்கிட்டா. "உக்காரணும்னா என்னைக் கூப்பிடுங்க."

அப்புறம் என்ன? தினமும் விடிஞ்சதும் பக்கத்துத் தெருவுக்கு ஆள் ஓடும்: "அம்மா, நாற்காலி மறுபடி கழண்டுருச்சாம்!"

ம்...

கதையைக் கோத்தாச்சு, முளை அடிச்சாச்சு. டொக். கண்ணை மூடு.