நடைபாதை நாவல்

"கையை எடு! அது என் மரம்!" என்று வாசலிலிருந்து சபாநாயகம் கத்தியதும், தெருக் கூட்ட வந்த இருளாயி பொறுக்கிய நாவல்பழத்தைக் கீழே போட்டாள்.

மரம் அவர் வீட்டு வாசலை ஒட்டிய நடைபாதையில் நின்றது. தெருவே அதில் பழம் பறித்துத் தின்றது. ஓய்வுபெற்ற தாசில்தாரான அவர்தான் முந்தின நாள் அதில் 'தனியார் மரம், பறிக்கக் கூடாது' என்று தகரப் பலகை கட்டியிருந்தார்.

"இனி ஒரு பழம் குறைஞ்சாலும் துப்புரவு மேஸ்திரிகிட்ட சொல்லி உன் வேலையைக் காலி பண்ணிருவேன்."

"சரிங்கய்யா."

மறுநாளிலிருந்து அந்த மரத்தடியை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினாள். பழங்கள் விழுந்து, நசுங்கி, புளித்து, ஈ மொய்த்தது. நான்காம் நாள் சபாநாயகம் தம் வாசலிலேயே வழுக்கி விழுந்தார். வெள்ளை வேட்டி ஊதாவாகிவிட்டது. உடனே மேஸ்திரியை வரவழைத்தார். தெருவும் கூடிவிட்டது.

"இங்க ஏம்மா கூட்டலை?" என்றார் மேஸ்திரி.

"ஒரு பழம் குறைஞ்சாலும் என் வேலை போயிரும்னு ஐயா சொன்னாருங்க. ஒண்ணுகூடக் குறையலை. நல்லா எண்ணிப் பாத்துக்கிடட்டும்."

மேஸ்திரி பலகையைப் படித்தார். "உங்க மரம்னா நீங்கதான் சார் அள்ளணும். நடைபாதையில உங்க மரம் எப்படி வந்துச்சுன்னும் ஆபீஸ்ல கேப்பாங்க."

சபாநாயகம் வேட்டியைப் பார்த்தார். "மாநகராட்சி மரம்தாம்ப்பா."

"காதுல விழலைங்கய்யா," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

இன்னொரு தடவை, உரக்கச் சொன்னார்.

இருளாயி பலகையை அவிழ்த்து, அழுகிய பழங்களை அதிலேயே வாரி வண்டியில் கொட்டினாள்.