கடைசிக் கைத் தண்ணீர்

நெருப்புக்கும் தண்ணீருக்கும் வாய் இருந்த காலம் அது. செம்மணல் தேரிக்காட்டுப் பனைவிளையில் மாடத்தி என்றொருத்தி இருந்தாள். பேரம் பேசுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. உச்சி வெயிலிடமே பேசிப் பாதி நிழல் வாங்கி வந்துவிடுவாள் என்பார்கள். கோபமும் அப்படித்தான், மூக்கு நுனியிலேயே நிற்கும்.

அவள் புருஷன் பலவேசம் பனையேறி. ஒருநாள் மரத்திலிருந்து இறங்கும்போது பனைமட்டையின் ரம்பம் போன்ற கருக்கு அவன் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. மாடத்தி மஞ்சள் வைத்தாள், வேப்பிலை அரைத்துக் கட்டினாள். புண் ஆறவில்லை. கண்ணுக்குத் தெரியாத சீழ்ப்பூச்சிகள் உள்ளே குடித்தனம் வந்துவிட்டன. காதை வைத்துக் கேட்டால், "இப்போ காலு, அடுத்தது ஆளு" என்று அவை பேசிச் சிரிப்பது கேட்டது.

மாடத்தி கட்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

மூலையில் புளித்து நுரைத்துக்கொண்டிருந்த கள்ளுப்பானைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யக்கா, என்னை வெளியே எடு. அதுகளை நான் தொலைக்கிறேன்."

"நீ யாருலே?"

"சாராயம். இனிப்புக்குப் பிறந்த பிள்ளை. தண்ணி என்னை அமுக்கி வச்சிருக்கா. இந்தப் பானையில பத்துல ஒரு பங்குகூட நான் இல்லை. பிரிச்சு விடு."

பிரிப்பது நெருப்பண்ணனின் வேலை. மாடத்தி அடுப்பின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"விறகு தாறேன். பிரிச்சுக் குடு."

"விறகு எவளும் தருவா. பிரிச்சதுல எனக்கும் ஒரு வாய் வேணும்" என்றான் நெருப்பண்ணன்.

"ஒரு வாய்தான். அதையும் சத்தமில்லாம குடிக்கணும். புகை, கரி ஒண்ணும் வரப்படாது. பானை துலக்க என்னால ஆகாது."

அவன் தலையாட்டினான்.

சாராயம் அவசரக்காரன். தண்ணீர் கொதிக்குமுன்பே ஆவியாய் எழும்பி, மேலே கவிழ்த்த குளிர்ந்த மூடியில் முட்டி, உள்ளே தொங்கிய கலயத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கினான். இறங்கியதை மாடத்தி மறுபடி காய்ச்சினாள். அதையும் மறுபடி. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பானையிலேயே தங்கிப்போனாள். கடைசியில் ஒரே ஒரு கைத் தண்ணீர் மட்டும் அவனை விடவில்லை.

"இறங்குட்டி கீழே! ஒட்டுப்புல்லு மாதிரி என்ன ஒட்டிக்கிட்டு?" என்று மாடத்தி கத்தினாள்.

"நான் சூடு ஏத்த ஏத்த ரெண்டும் கைகோத்துக்கிட்டுத்தான் கிளம்புது. இதுக்குமேல எனக்கு ஏலாது" என்றான் நெருப்பண்ணன்.

"சரி, தொலை, இருந்துட்டுப் போ. இன்னும் ஒரு சொட்டு பங்கு கேட்டே, உன் கிணத்தையே தூர்த்துருவேன்!"

அந்த ஒரு கையை மட்டும் விட்டுவிட்டுத் தண்ணீர் கிணற்றுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மாடத்தி சாராயத்தைப் புண்ணில் ஊற்றினாள். பலவேசம் துள்ளி எழுந்து அலறினான். காலில் சில்லென்று ஒரு குளிர் ஓடியது. அவ்வளவுதான், சாராயம் காற்றோடு போய்விட்டான். புண்ணுக்குள் பூச்சிகளின் கெக்கலிப்பு நிற்கவில்லை.

"வந்த வேகத்துல வாசக்கதவைத்தான் சுட்டான். கதவு இறுகிக் கெட்டியாயிட்டு. நாம உள்ளே பத்திரம்!"

மறுநாள் கால் பனைமரத்து அடித்தூர் கணக்காக வீங்கியது. பலவேசத்துக்குக் கண் செருகியது. "ஏளா, காலை வெட்டிப் போட்டுட்டாவது என்னைக் காப்பாத்து" என்று முனகினான்.

மாடத்தி கிணற்றடிக்கு ஓடினாள்.

"ஆத்தா, தெரியாம பேசிட்டேன். அதுக கதவைத் திறக்க மாட்டேங்குதுக."

கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீர் குரல் கொடுத்தாள். "உயிருள்ள எதுவும் எனக்குக் கதவு சாத்தாது, மாடத்தி. நான் இல்லாம அதுக ஒரு நாள் பிழைக்குமா? சாராயத்துக்குத் துணையா நின்ன என்னைத்தானே நீ ஒட்டுப்புல்லுன்னே."

"என்ன பங்கு வேணும்?"

"சாராயத்துல பத்துல மூணு பங்கு நான். அந்தக் கடைசிக் கைத் தண்ணியை ஒருநாளும் இறங்கச் சொல்லப்படாது."

'பத்துல ஒண்ணு' என்று மாடத்தியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குடிசையிலிருந்து பலவேசத்தின் முனகல் கேட்டது. வாழ்க்கையில் முதன்முறையாக அவள், கேட்ட பங்கைக் கேட்டபடி கொடுத்தாள். மிச்சச் சாராயத்தில் அந்தப் பங்குத் தண்ணீரைக் கலந்து புண்ணில் ஊற்றினாள்.

இந்தத் தடவை சாராயம் ஓடிவரவில்லை. தண்ணீர் முன்னே நடந்து கதவைத் தட்டினாள்.

"யாரது?"

"நான்தான், தண்ணி."

கதவு திறந்தது. அவள் முந்தானைக்குப் பின்னால் சாராயம் நின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகு உள்ளே சிரிப்புச் சத்தம் இல்லை.

வீக்கம் வடிந்து எழுந்து உட்கார்ந்ததும் பலவேசம், "ஏளா, மிச்சத்துல ஒரு வாய்..." என்று இழுத்தான்.

"தாராளமா குடி" என்றாள் தண்ணீர். "உன் உடம்புக் கதவையும் நான்தான் திறந்துவிடுவேன். உள்ளே போனவன் முதல்ல உன் புத்தியைத்தான் வெளியே தள்ளுவான்."

மாடத்தி பானையைத் தூக்கி அவனுக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள்.

அந்தப் பேச்சுப்படிதான் இன்றைக்கும் சாராயத்தை எத்தனை தடவை காய்ச்சி வடித்தாலும் அந்தக் கடைசிக் கைத் தண்ணீர் அதைவிட்டு இறங்குவதில்லை. நெருப்பும் சாராயத்தைக் கரியில்லாமல், சத்தமில்லாமல், நீலமாகக் குடிக்கிறது. ஊசி போடுமுன் நர்ஸம்மா பஞ்சால் தடவுகிறாரே, அந்தச் சில்லிப்பிலும் பத்தில் மூன்று பங்கு தண்ணீர் உண்டு. மாடத்தி பேரம் பேசாமல் கொடுத்தது அது ஒன்றுதான்.