நாலாவது ஆள்

முன்னொரு காலத்தில் முத்துக்கரை நாட்டை உக்கிரமாறன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு உத்தரவு போடுவான், மத்தியானம் அதற்கு நேர்மாறாக இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே கிடந்து திண்டாடுவதுதான் மந்திரி தில்லைநம்பியின் பிழைப்பு.

மந்திரி பதவி மேல் கண் வைத்திருந்த பிரதானி அம்பலவாணர் ஒருநாள் ராஜாவின் காதைக் கடித்தார். கடற்கரைத் தர்காவில் அரண்மனையைவிடக் கூட்டமாம். அங்கே அடங்கியிருக்கும் நூகு மஸ்தான் விட்டுப்போனது ஒரு கிழிந்த போர்வைதானாம். அதற்குப் போய் மந்திரி ஒரு தென்னந்தோப்பையே எழுதி வைத்திருக்கிறாராம்.

ராஜா மந்திரியைக் கூப்பிட்டான். "அந்தப் பக்கிரி விட்டுப்போன சொத்தை நாளைக்குள் எனக்குக் காட்டும். இல்லாவிட்டால் தோப்பு என் யானைகளுக்கு, உம்ம பதவி பிரதானிக்கு."

மந்திரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மஸ்தானை அவர் நேரில் பார்த்தவர். கப்பலில் வந்து, புன்னை மரத்தடியில் உட்கார்ந்துவிட்ட மனுஷன். யார் சோறு கொண்டுவந்தாலும், கூட மூன்று பேர் உட்காராமல் கை வைக்கமாட்டார். அவர் பட்டினி கிடப்பாரே என்று ஜென்மப் பகையாளிகள்கூட ஒரே தட்டில் கை வைத்தார்கள். இதை எந்தப் பெட்டியில் போட்டுச் சபைக்குத் தூக்கிப் போவது?

"நாளைக்குத் தர்காவில் கந்தூரி விருந்து, மகாராஜா. அங்கேயே வந்து பாருங்கள்" என்றார்.

கந்தூரியில் நாலு பேருக்கு ஒரு பெரிய தட்டு. சஹன் என்பார்கள். வந்த வரிசையில் உட்கார வேண்டும். நாலாவது ஆள் உட்காரும்வரை சோறு விழாது. ராஜாவோடு உட்கார்ந்தவர்கள் தோணிக்காரன் மம்மாலியும், அரண்மனைத் துணி வெளுக்கும் முனியாண்டியும். நாலாவது இடம் பிரதானிக்கு. அவரோ தனி இலை கேட்டு நின்றுகொண்டிருந்தார். அகப்பையோடு மந்திரியும் நின்றார்.

நெய்ச்சோற்று வாசனையில் ராஜாவின் வயிறு கூப்பாடு போட்டது. "யோவ் பிரதானி, உம்ம அழுக்கெல்லாம் முனியாண்டிக்குத் தெரியும். உட்காரும்."

உட்கார்ந்தார். சோறு விழுந்தது. அங்கத்து வழக்கப்படி மம்மாலி நல்ல கறித்துண்டை ராஜா பக்கம் தள்ளினான். ராஜா அதை யோசிக்காமல் முனியாண்டி பக்கம் தள்ளினான். அவன் பிரதானி பக்கம் தள்ளினான்.

மந்திரி அகப்பையைக் கீழே வைத்தார். "மகாராஜா, உங்கள் முன்னால் இருப்பதை இன்னொருவர் பக்கம் நீங்கள் நகர்த்தி இன்றைக்குத்தான் பார்க்கிறேன். மஸ்தான் விட்டுப்போன சொத்து அதுதான்."

ராஜா நெய் வழியும் தன் விரல்களைப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது. தோப்பு தர்காவுக்கே என்றான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

"அது சரி, அந்தத் துண்டு எங்கே?"

எல்லோரும் பிரதானியைப் பார்த்தார்கள். ஒரு கன்னம் உப்பியிருந்தது.

"நகர்த்தப் பழகும்வரை, கந்தூரிக்குக் கந்தூரி இவர் வந்து எல்லோருக்கும் கை கழுவத் தண்ணீர் ஊற்றட்டும்" என்றான் ராஜா.

பிரதானி ஒருவழியாக விழுங்கிவிட்டு, "உத்தரவு, மகாராஜா" என்றார்.