வாய்க்காலுக்குக் கெழக்கால விளைஞ்ச தக்காளி

சென்னியப்பன் பேசுறதுல பாதி பொய், மீதி பெரும்பொய். சுள்ளிமேட்டுல இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. அவரு பொஞ்சாதி மயிலாத்தாளுக்கு இன்னும் நல்லாத் தெரியும், ஏன்னா அந்த வாயோடதான் அவ கலியாணம் ஆன நாள்ல இருந்து குடும்பம் நடத்திட்டு இருக்கா. பொய் சொல்றதுல என்னங்க தப்பு, யாருதான் சொல்லலை? ஆனா இந்த மனுசன் ஒரு தடவை சொன்ன பொய்யை மறுபடியும் சொல்லமாட்டாரு. அடுத்த தடவை அதைவிடப் பெருசா ஒண்ணு சொல்லுவாரு. தொழில்ல அவ்வளவு நாணயம்.

அப்பேர்ப்பட்டவரு ஒரு நாள் காலையில, பால் சொசைட்டிக் கட்டடத்துல, அதிகாரி முன்னால எந்திரிச்சு நின்னு ஒரே ஒரு உண்மையைச் சொல்லணும்னு ஆகிப்போச்சு.

விசயம் இதுதான். சுள்ளிமேட்டுத் தக்காளி தட்டையா, வரி வரியா, தொட்டாக் கிழியிற தோலோட இருக்கும். புளியே போடாம ரசம் வைக்கலாம், அவ்வளவு புளிப்பு. அதுக்கு அரசாங்கம் புவிசார் குறியீடுன்னு ஒரு மரியாதை குடுத்துச்சு. அதாவது இந்த மண்ணுல விளைஞ்சாத்தான் அந்தப் பேரைச் சொல்லி விக்கலாம், வேற ஊர்க்காரன் சொன்னா கேஸு. ரொம்ப நல்ல காரியம். ஆனா இந்த மண்ணுன்னா எந்த மண்ணுன்னு விதி எழுதின புண்ணியவான், ஊருக்கே வராம வரைபடத்தைப் பார்த்து, வாய்க்காலுக்கு மேக்கால இருக்கறது மட்டும்தான் சுள்ளிமேட்டு மண்ணுன்னு எழுதிட்டாரு. வாய்க்கால் வெட்டினது எங்க அப்பன் காலத்துல. அதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் ஒரே வெள்ளாமைக் காடு. ஆனா மண்ணைக் கேட்டா விதி எழுதுறாங்க?

மயிலாத்தாள் தோட்டம் வாய்க்காலுக்குக் கெழக்கால. விதை அவ பொறந்த ஊட்டு விதை, பொறந்த ஊடு மேக்கால. பொண்ணும் விதையும் பாலத்தைத் தாண்டி வந்த பாவத்துக்கு ரெண்டுக்கும் பேரு போச்சு. மேக்கால தோட்டங்களுக்கு வியாபாரி வண்டியை எடுத்துட்டு வந்து வரப்புலயே நிப்பான். இவ கூடையைச் சுமந்து சந்தைக்குப் போய் உச்சிவெயில் வரைக்கும் உக்காந்திருப்பா. வர்றவனெல்லாம் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “சுள்ளிமேடா? அப்ப அரசாங்க ஸ்டிக்கர் எங்கக்கா”ன்னு கேட்டுட்டுப் போவான். மிச்சத்தைக் கொண்டாந்து மாட்டுக்குக் கொட்டுவா. கொட்டும்போதெல்லாம் வயிறு எரிஞ்சு அழுதிருக்கா. மாடு மட்டும் சந்தோசமாத் தின்னும்.

இப்ப அந்த விதியைத் திருத்தப் போறாங்கன்னு சேதி வந்துச்சு. எல்லையை மயிலாத்தாள் தோட்டத்துக்கு அந்தாண்ட இருக்கற தார்ரோடு வரைக்கும் தள்ளலாம், ஆனா ரெண்டு பக்கத்துத் தக்காளியும் ஒண்ணுதான், ஒரு வித்தியாசமும் இல்லைன்னு தோட்டக்காரங்க வாயாலேயே சொல்லணும். வித்தியாசம் இருந்தாச் சேர்க்க முடியாது. தோட்டம் சென்னியப்பன் பேர்ல இருக்கறதால அவரு வாயால சொல்லணுமாம். அரசாங்கத்துக்கு வேற வாய் கிடைக்கலை.

மயிலாத்தாள் ஒரு வாரம் பாடம் எடுத்தா. “அதே தக்காளிதானுங்க”ன்னு சொல்லிட்டு உக்காந்துக்கணும், அவ்வளவுதான். அவரும் பால் கறக்கும்போது சொல்லிப் பார்த்தாரு, குளிக்கும்போது சொல்லிப் பார்த்தாரு. ஒவ்வொரு தடவையும் கடைசியில “ஆனா”ன்னு ஒரு வால் மொளைச்சுது. அந்த வாலை வெட்டி வெட்டி அவளுக்கு நாக்கு வறண்டுபோச்சு.

கூட்டத்தன்னிக்குச் சொசைட்டியில பேன் ஓடுச்சு, காத்து மட்டும் அதிகாரியம்மா மேல வந்துச்சு. அவங்க பேரு எழிலரசி. மேசை மேல ரெண்டு தட்டு, ஒண்ணுல மேக்கால தக்காளி, ஒண்ணுல கெழக்கால தக்காளி, நடுவுல பைலு. பெட்டியில எத்தனை அடுக்கு வைக்கறது, எந்தப் பதத்துல பறிக்கறதுன்னு சண்டை போட்டு ரெண்டு விதியைத் திருத்தி முடிச்சிருந்தாங்க. ஆளாளுக்கு ஒரு வடையும் தின்னாச்சு. மிச்சம் இருந்தது எல்லைதான்.

தக்காளி விவசாயிகள் சங்கத் தலைவர் ஆறுக்குட்டி மயிலாத்தாளுக்குப் பெரியப்பன் மகன், கூடப் பொறக்காத அண்ணன். கெழக்கால ஆளுங்களும் உள்ள வந்துட்டா வியாபாரி தன் வரப்புல நிக்கமாட்டானேன்னு அவருக்கு ஒரு கவலை. அதை வாயால சொல்லுவாரா? தங்கச்சி ஊட்டுக்காரர் நல்லாப் பேசணும்னு வாழ்த்திட்டு, பக்கத்துல ஒரு நாற்காலியும் இழுத்துப் போட்டாரு. பாசம்.

சென்னியப்பன் எந்திரிச்சாரு, துண்டை உதறித் தோள்ல போட்டாரு. மயிலாத்தாள் வாய்க்குள்ளயே பாடத்தை முணுமுணுத்தா.

“அதே தக்காளிதானுங்க மேடம்,” ன்னாரு.

சொல்லிட்டாரு. மயிலாத்தாள் ஊர்ல இருக்கற சாமியையெல்லாம் மனசுக்குள்ள கும்பிட்டா. அவரு உக்காரக் குனிஞ்சாரு, பாதி குனிஞ்சும் ஆச்சு.

“அதேதானுங்களா மாப்ளை?” ன்னாரு ஆறுக்குட்டி, ரொம்ப வருத்தமா. “எங்களுத மாதிரியே சாதாத் தக்காளிதானா? நீங்க ஊரெல்லாம் சொன்னதைக் கேட்டு நான் வேற மாதிரியில்ல நெனைச்சிருந்தேன்.”

பாதி குனிஞ்ச மனுசன் நிமிந்தாரு. சோலி முடிஞ்சுது.

சாதாவான்னு ஆரம்பிச்சாரு. போன ஆடியில எம் பொஞ்சாதி ரெண்டே ரெண்டு தக்காளியைப் பிழிஞ்சு பித்தளைக் குடத்தைத் தேச்சாள், குடம் அப்படியே தகதகன்னு ஆயிருச்சுன்னாரு. பால் அளக்கற பூபதி, புளி போட்டுத் தேச்சாலும் தகதகன்னுதான் ஆகும், இதுல என்ன அதிசயம்னு கேட்டான். கேக்காம இருந்திருக்கலாம். அந்தக் குடத்தை ராத்திரி வாசல்ல கவுத்து வச்சதைப் பார்த்து, பொழுது விடிஞ்சிருச்சுன்னு ஊர்ச் சேவல் அத்தனையும் கூவிருச்சாம். கெழக்கால பாதி ஊரு எந்திரிச்சுப் பல்லு வெளக்கி, காப்பி குடிச்சு, சூரியன் ஏன் இன்னும் வரலைன்னு வாசல்ல உக்காந்து திட்டிட்டு இருந்துச்சாம். மயிலாத்தாளுக்கு அந்தக் குடம் நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஓட்டைக் குடம், பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டு எத்தனையோ வருசம் ஆச்சு.

அதிகாரியம்மா எழுதிக்கிட்டாங்க. சிரிக்கலை. அதுதான் மயிலாத்தாளுக்குப் பயமா இருந்துச்சு.

அப்புறம் லாரிக் கதை வந்துச்சு. ஒரு தடவை இவரு தக்காளி ஏத்தின லாரி பாலக்காட்டுக்குப் போச்சாம். தோலு மெல்லிசுங்கறதால குலுங்கிக் குலுங்கிச் சாறு ரோடு நெடுகச் சொட்டிருச்சாம். அதை நக்கின நாயெல்லாம் புளிப்புத் தாங்காம ஒரு கண்ணை இறுக்கி மூடினது மூடினதுதான், இன்னும் தொறக்கலையாம். பொள்ளாச்சியைத் தாண்டினா வழியில பூராம் ஒத்தைக் கண்ணு நாயிதான், வேணும்னாப் போய்ப் பார்த்துக்கலாம்னாரு. எந்தக் கண்ணுன்னு அதிகாரியம்மா தலையைத் தூக்காமக் கேட்டாங்க. போறப்ப நக்கினது இடது கண்ணு, லாரி திரும்பி வர்றப்ப நக்கினது வலது கண்ணுன்னு கண்ணு சிமிட்டாமச் சொன்னாரு. அதையும் எழுதிக்கிட்டாங்க.

மயிலாத்தாள் பின்னால இருந்து துண்டைப் புடிச்சு இழுத்தா. துண்டு கையோட வந்துச்சு, ஆளு உக்காரலை.

“மாட்டுக் கதையைச் சொல்லுங்க மாப்ளை,” ன்னு ஆறுக்குட்டி எடுத்துக் குடுத்தாரு.

விக்காத தக்காளியைத் தின்ன மாடு மறுநாள் காலையில பாலுக்குப் பதிலாத் தயிராவே கறந்துச்சுன்னாரு சென்னியப்பன். கெட்டித் தயிர். காம்பைப் புடிச்சுக் கறக்க முடியலை, பல்லு வெளக்கற பேஸ்ட்டு மாதிரி பிதுக்கித்தான் எடுக்கணும். அதைச் சொசைட்டிக்குக் கொண்டாந்து ஊத்தினா, பால் அளக்கற கருவி உள்ள எறங்காம மேல குத்திட்டு நின்னுச்சாம். பூபதிக்கு ரோசம் வந்துருச்சு. அளந்தது நான்தான், அப்படி ஒண்ணும் நடக்கலையேன்னான். நீ அன்னிக்கு லீவுன்னாரு. நான் லீவே எடுத்ததில்லைன்னான். அப்ப உனக்குத் தெரியாமயே நீ லீவு எடுத்திருக்கேடான்னு ஒரே போடாப் போட்டாரு. பூபதி யோசிக்க ஆரம்பிச்சுட்டான்.

அதோட விட்டிருந்தாக்கூடப் பொழைச்சிருக்கலாம். ஒரு நாள் ஒரு கூடை பாலத்துல இருந்து தவறி வாய்க்கால்ல விழுந்துருச்சாம். தண்ணி செவந்து ஓடுச்சாம். கீழ்மடை ஊர்ச் சனமெல்லாம் கரையில அடுப்பு வச்சு, வாய்க்கால் தண்ணியை மொண்டு ஊத்தி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு ரசம் எறக்கிருச்சாம். கல்யாண மண்டபக்காரன் ஒருத்தன் டேங்கர் லாரியோட வந்து நிரப்பிட்டுப் போனானாம். அந்த வருசம் அங்க விளைஞ்ச நெல்லு ரசம் சாதமாவே விளைஞ்சுதுன்னு சொல்லிட்டுத்தான் சென்னியப்பன் மூச்சு விட்டாரு.

அதிகாரியம்மா பேனாவை மூடினாங்க. ஐயா சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டேன்னு ரொம்ப மரியாதையாச் சொன்னாங்க.

“மேக்கால எந்த மாடும் தயிர் கறந்ததாப் பதிவு இல்லைங்க. அப்ப உங்களது சுள்ளிமேட்டுத் தக்காளியே இல்லை, அது வேற ஏதோ தெய்வீக ரகம். இந்த எல்லைக்குள்ள சேர்க்க வழியில்லை. தனியா ஒரு பேரு வச்சு முதல்ல இருந்து விண்ணப்பம் போடுங்க.”

சென்னியப்பனுக்கு முதல்ல பெருமையாத்தான் இருந்துச்சு, தனியா ஒரு பேராமேன்னு. அப்புறம்தான் பொஞ்சாதி மூஞ்சியைப் பார்த்தாரு. பார்த்ததும் அந்த வாய் தானா மூடிக்கிச்சு. அதுக்கு முன்னால அது தானா மூடி யாரும் பார்த்ததில்லை.

மயிலாத்தாளுக்கு ஓன்னு அழணும்போல இருந்துச்சு. இன்னும் எத்தனை வருசம் சந்தையில உக்காந்து, எத்தனை கூடையை மாட்டுக்குக் கொட்டறது? இந்த மனுசனைக் கட்டுனதுக்குப் பதிலா அந்த வாய்க்கால்லயே குதிச்சிருக்கலாம்னு நெனைச்சா. அப்பப் பார்த்து ஆறுக்குட்டி மேல்துண்டால வாயைப் பொத்திக்கிட்டு, தோளு குலுங்கக் குலுங்கச் சிரிக்கறது அவ கண்ணுல பட்டுச்சு. அழுகை நின்னுபோச்சு. அந்த அண்ணனை அவளுக்குச் சின்னதுல இருந்து தெரியும். அவளுக்குப் பொறந்த ஊட்டு வாயும் ஒண்ணும் சின்ன வாய் இல்லை. மேக்கால ஆளுங்க காசு குடுத்தாலும் பொய் சொல்லமாட்டாங்க, ஆனா சீண்டி விட்டா இலவசமாச் சொல்லுவாங்க.

எந்திரிச்சுக் கும்பிட்டா.

“நீங்க சொல்றது சரிங்கம்மா. நாங்க தனியாவே போட்டுக்கறோம். அண்ணன் தோட்டத்துத் தக்காளிக்கு அத்தனை தெம்பு இல்லீங்க, பாவம். மேக்கால மண்ணு ஓய்ஞ்சுபோச்சு. அதையும் அப்படியே எழுதிக்குங்க.”

சிரிச்சிட்டு இருந்த துண்டு எறங்குச்சு. மேக்கால வரிசையில உக்காந்திருந்த அத்தனை பேரும் நிமிந்தாங்க. எந்த மண்ணு ஓய்ஞ்சுபோச்சுன்னு ஆறுக்குட்டி கேட்டாரு. மயிலாத்தாள் பாவம்ங்கற மாதிரி தலையை மட்டும் ஆட்டினா. அது போதும்.

எங்க மாடு தயிர் கறக்கலைன்னு உனக்கு யாரு சொன்னதுன்னு ஆறுக்குட்டி எந்திரிச்சுட்டாரு. சொசைட்டியில எழுதலைன்னா கறக்கலைன்னு ஆயிருமா? எங்க மாடு கறந்த தயிர்ல கடுகு, கருவேப்பிலை தாளிச்சே வந்துச்சுன்னாரு. அவரு பக்கத்து ஆளு, எங்க ஊட்டுல பெருங்காயமும் இருந்துச்சுன்னான். பின்னால இருந்து ஒருத்தரு, எங்க ஊட்டுச் சேவல் குடத்தைப் பார்த்து இல்லை, வெறும் தக்காளியைப் பார்த்தே கூவும்னாரு. நாயி, லாரி, வாய்க்கால் எல்லாம் மேக்கால இருந்து கெளம்பி வந்துச்சு. பூபதி மட்டும் தலையில கையை வச்சுக்கிட்டு, எத்தனை நாள் லீவுல இருந்தோம்னு கணக்குப் போட்டுட்டு இருந்தான்.

“அப்ப உங்க தக்காளி எங்களுதுக்கு எதுலயும் குறைஞ்சதில்லைங்கறீங்களா அண்ணா?” ன்னு கேட்டா மயிலாத்தாள்.

“ஒரு மயிரளவு குறைஞ்சதில்லை. மேடம், எழுதுங்க,” ன்னு மேசையைத் தட்டினாரு ஆறுக்குட்டி.

அதிகாரியம்மா மயிலாத்தாளை ஒரு பார்வை பார்த்தாங்க. அப்புறம் பேனாவைத் தொறந்து எழுதி, சத்தமாப் படிச்சாங்க. வாய்க்காலுக்குக் கிழக்கே விளையும் தக்காளி, மேற்கே விளையும் தக்காளியைப் போலவே உள்ளது, எல்லை தார்ரோடு வரைக்கும். ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. ஆறுக்குட்டிக்கு அப்பத்தான் என்ன செஞ்சோம்னு உறைச்சுது. ஊருக்கு முன்னால சொன்னதை முழுங்க முடியுமா? உக்காந்துட்டாரு.

மயிலாத்தாள் மூச்சை விடறதுக்குள்ள சென்னியப்பன் தொண்டையைக் கனைச்சாரு.

ஒரு சின்னத் திருத்தமுங்கன்னாரு. எங்களுது அவிங்களுதைப் போல இருக்குன்னு எழுதாதீங்க, அவிங்களுது எங்களுதைப் போல இருக்குன்னு எழுதுங்கன்னாரு. அது எப்படி எழுதலாம்னு ஆறுக்குட்டி மறுபடி எந்திரிச்சாரு. மேக்கால வரிசை பூராம் கூடவே எந்திரிச்சுது. யாருது யாருதைப் போலன்னு ரெண்டு பக்கமும் கத்த ஆரம்பிச்சுட்டாங்க. வந்த வண்டி வாசலோட திரும்பப் போகுதுன்னு மயிலாத்தாளுக்குத் தெரிஞ்சுபோச்சு.

அதிகாரியம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. இந்தத் தட்டுல ஒண்ணு, அந்தத் தட்டுல ஒண்ணு எடுத்துத் தொடைச்சு, ரெண்டையும் ஒவ்வொரு கடி கடிச்சாங்க. நிதானமா மென்னாங்க. கத்தினவங்க எல்லாம் அவங்க வாயையே பார்த்துட்டு நின்னாங்க.

“ரெண்டையும் தின்னு பார்த்துட்டேன்,” ன்னாங்க. “எங்க தெருமுனைக் கடையில விக்கற தக்காளி மாதிரியேதான் இருக்கு. அதையே எழுதி, ரெண்டு பக்கத்துக்கும் பேரை எடுத்துரட்டுங்களா?”

யாருது யாருதைப் போலங்கற பேச்சு அதோட போச்சு. கையெழுத்துப் போட மச்சானும் மாப்ளையும் ஒரே பேனாவுக்குக் கையை நீட்டினாங்க.